எட்டாம் மாடியில் இருப்பவர் யார்?

மாலை ஆறரை மணிக்குக் கொழும்பின் வெள்ளவத்தைக் காலி வீதியில் தீயணைப்பு வண்டி ஒன்று சைரன் ஒலியுடன் வந்தால் வழிவிட மறுப்பவர் எவரும் இல்லை. விடுவதற்கு வழிதான் இருக்காது. பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். முச்சக்கர வண்டிகள் கிடைத்த இடுக்கையெல்லாம் நிரப்பியிருக்கும். மரக்கறி வாங்க இறங்கியவரின் கார் நடைபாதையோரம் அப்படியே நிற்கும். வண்டி அங்கே இழக்கும் ஐந்து நிமிடத்துக்கு அன்றைய நெரிசலை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. எந்த ஒழுங்கையில் எத்தனை மாடி எழும்பலாம், தீயணைப்புக்கான தண்ணீர்க் குழாய் எந்த முடக்கில் இருக்க வேண்டும், தீயணைப்பு நிலையம் எங்கே அமைய வேண்டும் என்று பத்து, இருபது வருடங்களுக்கு முன் எடுத்த முடிவுகளும் எடுக்காமல் விட்ட முடிவுகளும் அந்த ஐந்து நிமிடத்துக்குள் அடங்கியிருக்கின்றன.

மணி அடித்ததும் ஓடுவதுதான் தீயணைப்புப் படையின் வேலை என்று நாம் நினைக்கிறோம். உலகின் பல நகரங்களில் அந்த வேலையின் கணிசமான பகுதி இப்போது மேசையில் நடக்கிறது. அடுத்த ஐந்து, பத்து வருடங்களில் எந்தத் தெருவில், எந்த வகை வீட்டில், எந்த நேரத்தில், யாருக்கு ஆபத்து வரக்கூடும் என்று கணித்து, ஆளையும் வண்டியையும் தண்ணீரையும் அறிவுரையையும் அதற்கேற்பப் பங்கிடுகிறார்கள். இதற்குச் சமூக இடர்த் திட்டம் என்று பெயர். வெள்ளவத்தைக்கு அப்படியொன்றை வரைவதென்றால் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? இதில் கணிதமும் இயற்பியலும் ஓரளவு இலகுவாகவே பிடிபடுகின்றன. கடினமான இடம் மனிதர்களுக்கும் பட்டியல்களுக்கும் நடுவே இருக்கிறது.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். வடக்கே பம்பலப்பிட்டியிலிருந்து பிரிக்கும் கால்வாய், தெற்கே தெஹிவளைக் கால்வாய், மேற்கே கடல். நடுவில் ஓடும் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி ஒழுங்கைகள் சீப்பின் பற்களைப் போல இறங்குகின்றன: சார்ள்மன்ட் வீதி, இராமகிருஷ்ண வீதி, பொஸ்வெல் பிளேஸ், பிரான்சிஸ் வீதி என்று வரிசையாக. முன்னர் இவை ரயில் பாதையில் முட்டி நின்றன. கடலோர வீதியான மரைன் டிரைவ் திறந்த பிறகு பல ஒழுங்கைகளுக்கு மறுபக்கமும் வாசல் கிடைத்தது. அதைப் போக்குவரத்துக்காகப் போட்டார்கள். ஆனால் தீயணைப்பு வண்டி கடற்கரைப் பக்கமிருந்தும் நுழையலாம் என்ற நிலை வந்தது, வெள்ளவத்தையின் பாதுகாப்புக்குக் கிடைத்த பெரிய நன்மைகளில் ஒன்று என்றே சொல்வேன்.

நிலம் இப்படி இருக்க, வீடுகள் மேல்நோக்கி வளர்ந்துவிட்டன. ஓட்டு வீடும் முற்றத்தில் ஒரு மாமரமும் இருந்த பதினைந்து பேர்ச் காணியில் இன்று எட்டு மாடியில் பதினாறு வீடுகள் நிற்கின்றன. ஒழுங்கையின் அகலம் மாறவில்லை. அதே ஒழுங்கையில் பதினாறு வீட்டுக் கார்களும் நிற்கின்றன. யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களும், வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த வீடுகளில் குடியேறிய பெற்றோரும் இந்தத் தொடர்மாடிகளை நிரப்பினார்கள். எந்த மாடியில் மணி அடித்தாலும் கதவைத் திறப்பவர் எழுபது வயதைத் தாண்டியவராக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

இனிக் கணக்கு. 1970களின் தொடக்கத்தில் நியூயோர்க் நகர தீயணைப்புத் துறைக்காக ரான்ட் நிறுவனத்தின் கணித வல்லுநர்கள் ஓர் எளிய விதியைக் கண்டார்கள். ஒரு பகுதிக்குள் வண்டி ஓட வேண்டிய சராசரித் தூரம், அந்தப் பகுதியின் பரப்பளவைத் தயாராக உள்ள நிலையங்களின் எண்ணிக்கையால் வகுத்து, அதற்கு வர்க்கமூலம் எடுத்தால் வருவதற்கு விகித சமமாக இருக்கும். கொழும்பு மாநகரின் பரப்பளவு ஏறக்குறைய 37 சதுர கிலோமீற்றர். ஒரு பேச்சுக்கு, தெரு வளைவுகளையும் சேர்த்து விகித மாறிலியை 0.6 என்று வைப்போம். ஒரே நிலையம் என்றால் சராசரித் தூரம் 3.6 கிலோமீற்றர் அளவில் வரும். நான்கு நிலையங்கள் கட்டினால் அது 1.8 ஆகும். இன்னும் ஒருமுறை பாதியாக்க வேண்டுமானால் எட்டு போதாது, பதினாறு வேண்டும். முதல் சில நிலையங்கள் உயிர்களைக் காக்கும். அதற்குப் பிறகு கட்டும் ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் குறைவாகவே தரும்.

அந்த 1.8 கிலோமீற்றரை மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் கடக்க நாலு நிமிடம்கூட எடுக்காது. நெரிசலில் வேகம் 10 ஆகக் குறைந்தால் கிட்டத்தட்ட பதினொரு நிமிடம். ஆகவே காலி வீதியில் பஸ்ஸுக்கான தனி வழித்தடமோ, சந்திகளில் வண்டிக்காக மாறும் சிவப்பு விளக்கோ, புதிய நிலையம் ஒன்றைவிடக் குறைந்த செலவில் அதிக நிமிடங்களை மீட்டுத் தரக்கூடும்.

ஆனால் தீ எவ்வளவு நேரம் காத்திருக்கும்? அமெரிக்காவின் அன்டர்ரைட்டர்ஸ் லபோரட்டரீஸ் ஆய்வாளர்கள் ஒரே அளவான அறைகளைக் கட்டி எரித்துப் பார்த்தார்கள். மரமும் பருத்தியும் நிறைந்த பழைய பாணி அறை, முழுவதும் ஒரேயடியாகப் பற்றிக்கொள்ள அரை மணி நேரமளவு எடுத்தது. நுரைமெத்தை சோபாவும் செயற்கை இழைத் திரைச்சீலையும் உள்ள இன்றைய அறை நாலைந்து நிமிடங்களில் அந்த நிலையை எட்டியது. கூரையடியில் தேங்கும் சூடான புகை 600 பாகை செல்சியஸை நெருங்கும்போது, தீ தொடாத பொருட்களும் வெப்பக் கதிர்வீச்சினால் தாமாகவே எரியத் தொடங்குகின்றன. அந்தக் கணத்துக்குப் பிறகு அறைக்குள் இருப்பவர் பிழைப்பது அரிது. பாட்டியின் காலத்து மரக்கதிரையை மாற்றி மெத்தை சோபா போட்டபோது, தப்பியோடக் கிடைத்த நேரத்தில் பெரும் பகுதியையும் வீட்டுக்கு வெளியே அனுப்பிவிட்டோம்.

உயிரைப் பெரும்பாலும் எடுப்பது புகை. நுரைமெத்தை எரியும்போது காபன் மொனொக்சைட்டுடன் ஐதரசன் சயனைட்டும் வெளிவருகிறது. சூடான வாயு மேலே ஏறும். மாடிப்படியின் கூடு அதற்குப் புகைபோக்கியாகிவிடும். இரண்டாம் மாடியில் சமையலறைக் கதவைத் திறந்துபோட்டு ஒருவர் ஓடினால், எட்டாம் மாடியில் இருப்பவரின் படிக்கட்டு சில நிமிடங்களில் இருண்டுவிடும். வெளியேறும்போது கதவைச் சாத்திவிட்டுப் போங்கள் என்று தீயணைப்பு வீரர்கள் எல்லா நாட்டிலும் வற்புறுத்துவது இதனால்தான். தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு கட்டடத்தின் மிக முக்கியமான கருவிகளில் ஒன்று. அதற்கு ஒரு செருப்பையோ பூச்சட்டியையோ முட்டுக்கொடுத்து, காற்று வரட்டும் என்று திறந்து வைத்திருப்பதை எத்தனை தொடர்மாடிகளில் பார்த்துவிட்டேன்.

உயரமும் தண்ணீருக்கு எதிரி. ஒவ்வொரு பத்து மீற்றர் ஏற்றத்துக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் செலவாகும். எட்டாம் மாடிக்குத் தண்ணீரை ஏற்றுவதற்கே இரண்டரை வளிமண்டலம் போய்விடும். பீச்சுவதற்கான அழுத்தம் அதற்கு மேல் தேவை. ஒரு குழாய் நிமிடத்துக்கு 500 லீற்றர் பீச்சினால், 4,000 லீற்றர் கொண்டுவந்த வண்டி எட்டு நிமிடத்தில் வெறுமையாகும். ஆகவே கட்டடத்துக்குள்ளேயே நிற்கும் தீயணைப்புக் குழாயும், மொட்டைமாடித் தொட்டியில் அதற்கென ஒதுக்கிய தண்ணீரும், வேலை செய்யும் பம்பும் வண்டி வருவதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். கட்டுமானத் தொழில் அபிவிருத்தி அதிகார சபையின் தீப் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் இவற்றைப் பற்றி விரிவாகவே பேசுகின்றன. விதி கட்டடம் எழும்பும் நாளைப் பார்க்கிறது. திட்டமோ பதினைந்தாம் வருடத்தைப் பார்க்க வேண்டும். அந்தக் குழாய்ப் பெட்டிக்குள் துடைப்பம் வைத்துப் பூட்டியிருக்கும் காலம் அது.

வெள்ளவத்தைக்குச் சரியானது வடகொழும்பின் கொட்டாஞ்சேனைக்கும் அதற்கு அப்பாலும் சரிவராது. 2022 செப்டெம்பர் 27 இரவு தொட்டலங்கவின் கஜீமாவத்தையில் பற்றிய தீ எண்பது வரையான வீடுகளைச் சாம்பலாக்கியது. பலகையும் தகரமும் நெருங்கி நிற்கும் குடியிருப்பில் தீ பக்கவாட்டில், வீட்டிலிருந்து வீட்டுக்குத் தாவும். அங்கே தேவைப்படுவது இடைவெளியும், முடக்குக்கு முடக்கு தண்ணீரும், முதல் இரண்டு நிமிடத்தில் வாளி தூக்கத் தெரிந்த அயலவர்களும். வெள்ளவத்தையில் தீ மேல்நோக்கி ஏறும். ஒரே மாநகர சபை, ஒரே தீயணைப்புப் படை, ஆனால் இரண்டு வேறு இயற்பியல்.

இந்த வேறுபாட்டைக் காணத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு நியூயோர்க்கே சாட்சி. வர்க்கமூல விதியைத் தந்த அதே ரான்ட் குழுவின் மாதிரிகளை வைத்து, 1972இலிருந்து அந்த நகரம் பல தீயணைப்புப் பிரிவுகளை மூடவும் இடம்மாற்றவும் செய்தது. மூடப்பட்டவற்றில் பல, சவுத் பிரொங்ஸ் போன்ற ஏழைகள் நெருங்கி வாழும், அடிக்கடி எரியும் பகுதிகளில் இருந்தன. பக்கத்து நிலையம் அருகில்தானே இருக்கிறது என்றது கணக்கு. அந்தப் பக்கத்து நிலையத்தின் வண்டி ஏற்கெனவே வேறொரு தீக்குப் போயிருக்கும் என்பதற்கு அது போதிய எடை கொடுக்கவில்லை. நெரிசல் பயண நேரத்தை அவ்வளவாகப் பாதிக்காது என்றும் அது எடுத்துக்கொண்டது. அந்தப் பத்தாண்டில் பிரொங்ஸின் வீதி வீதியாகக் கட்டடங்கள் எரிந்து கூடாகின. டெபோரா வொலஸும் ரொட்ரிக் வொலஸும் பின்னர் 1998இல் ஒரு நூலாகவே இதை எழுதினார்கள். சூத்திரத்தில் பிழை இல்லை. எதை அளக்க வேண்டும் என்று தீர்மானித்தவர்கள் அந்தத் தெருக்களில் வாழவில்லை.

பிரித்தானியா வேறு விதமாகத் தவறியது, பிறகு திருந்தியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேலாக அங்கே ஊர்களைக் கட்டடங்களின் அடர்த்தியை வைத்து ஏ, பி, சி, டி என்று தரம் பிரித்திருந்தார்கள். நகர மையத்தின் கடைகளும் அலுவலகங்களும் நிறைந்த ஏ பகுதிக்கு ஐந்து நிமிடத்தில் இரண்டு வண்டி போக வேண்டும். வீடுகள் நிறைந்த சி பகுதிக்கு எட்டிலிருந்து பத்து நிமிடத்தில் ஒன்று போனால் போதும். அந்தத் தரப்படுத்தல் சொத்தைப் பாதுகாத்தது. இரவில், வீட்டில், தூக்கத்தில், தனியாக இருந்த முதியவர்கள்தான் அதிகம் இறந்தார்கள். 2004இன் தீயணைப்பு மற்றும் மீட்புச் சேவைகள் சட்டம் தீத்தடுப்பை ஒவ்வொரு சேவைக்கும் கடமையாக்கியது. பழைய தரப்படுத்தலின் இடத்துக்கு, ஒவ்வொரு பிரதேசமும் தன் மக்களை ஆராய்ந்து தானே எழுதும் இடர்த் திட்டம் வந்தது. தீயணைப்பு வீரர்கள் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு வீட்டுக்குள் வந்து, புகை எச்சரிக்கைக் கருவியைப் பூட்டித் தந்துவிட்டுப் போனார்கள். 1980களின் இறுதியில் பத்தில் ஒரு வீட்டில்கூட இல்லாத அந்தக் கருவி, இருபது வருடங்களில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. தீயில் இறப்போர் தொகையும் பெரிதாகக் குறைந்தது. புகைப்பழக்கம் குறைந்ததற்கும், தளபாடங்கள் எளிதில் தீப்பற்றாதிருக்க வந்த சட்டத்துக்கும் அதில் பங்கு உண்டு. ஆனாலும் வண்டியின் வேகத்தைவிடக் கூரையில் ஒட்டிய அந்தச் சிறு வட்டம் அதிக நிமிடங்களைச் சம்பாதித்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

“எங்கட பில்டிங்கில பத்து வருஷமா ஒண்டும் நடக்கேல்லயே” என்று யாராவது சொல்வார்கள். ஆறுதலாகத்தான் இருக்கும். அதை நிகழ்தகவு எப்படிப் பார்க்கிறது? ஒரு பகுதியில் உயிரைக் குடிக்கும் தீ சராசரியாக இருபது வருடத்துக்கு ஒன்று நேரும் என்று வைப்போம். அப்படியான இடத்தில் தொடர்ந்து பத்து வருடம் எதுவுமே நடக்காமலிருக்க 61 வீத வாய்ப்பு இருக்கிறது. பிரெஞ்சுக் கணிதர் புவாசோன் வகுத்த விதி இது. எப்போதாவது நேரும் நிகழ்வுகளை இன்றும் இதை வைத்தே எண்ணுகிறோம். பத்து வருட அமைதி பாதுகாப்புக்கு அத்தாட்சி ஆகாது. ஆபத்தான கட்டடத்தையும் பாதுகாப்பான கட்டடத்தையும் அதன் சொந்த வரலாற்றை மட்டும் வைத்துப் பிரித்தறியவே முடியாது. அதனால் திட்டமிடுபவர்கள் வெளியிலிருந்து கடன் வாங்குகிறார்கள்: இதே உயரம், இதே வயது, இதே சமையல் முறை உள்ள ஆயிரம் கட்டடங்களுக்கு வேறிடங்களில் என்ன நடந்தது என்று பார்த்து, இங்கே கிடைக்கும் சிறு தரவை அதன் மேல் வைத்து எடைபோடுகிறார்கள்.

அதற்குச் சின்னஞ்சிறு தீக்களும் பதிவாக வேண்டும். 2021 நவம்பரிலும் டிசம்பரிலும் நாடெங்கும் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஓரிடத்தில் காஸ் அடுப்பின் கண்ணாடி வெடித்தது, இன்னோரிடத்தில் ரெகுலேட்டரில் தீப்பிடித்தது. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு வீட்டுக்காரரின் கவனயீனம். நூற்றுக்கணக்கில் சேர்த்துப் பார்த்தபோதுதான் ஒரே காரணம் தெரிந்தது. மொரட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சாந்த வல்பொலகே தலைமையிலான குழு, சிலிண்டருக்குள் புரொப்பேன், பியூட்டேன் கலவையின் விகிதம் மாறியதைக் காரணமாகக் காட்டியது. இயற்பியல் எளிது. 30 பாகை வெப்பத்தில் பியூட்டேனின் ஆவியழுத்தம் மூன்று வளிமண்டலத்துக்கும் குறைவு. புரொப்பேனுக்கோ பத்துக்கும் மேல். புரொப்பேன் கூடினால் பழைய குழாய்க்கும் தேய்ந்த வளையத்துக்கும் தாங்காத அழுத்தம் வரும், ஒழுகும். இந்த வாயு காற்றைவிடப் பாரமானது. தரையோடு தவழும், காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கானாலே பற்றிக்கொள்ளும். குளிரூட்டிக்காக எல்லா ஜன்னலும் சாத்திய தொடர்மாடி வீட்டில், சமையல் மேடைக்குக் கீழே 12.5 கிலோ சிலிண்டர், அதற்கு நாலடி தள்ளிச் சாமித் தட்டில் எரியும் விளக்கு. வெள்ளவத்தையின் இடர் வரைபடத்தில் முதலில் குறிக்க வேண்டியது இந்த நாலடிதான்.

மீட்புப் பணி தீயோடு முடிவதில்லை. 2017 மே 18ஆம் திகதி சவோய் திரையரங்குக்கு அருகே சார்ள்மன்ட் வீதியில் பல மாடிக் கட்டடம் ஒன்று சரிந்து விழுந்தது. உயிரிழப்பு நேர்ந்தது, பலர் காயமடைந்தனர். இப்படியான இடத்தில் மீட்புக்கு வருபவர்கள் கேட்கும் முதல் கேள்வி எங்கும் ஒன்றே: உள்ளே எத்தனை பேர்? அதற்குப் பதில் இருந்தால் எந்த மூலையில் தோண்டுவது, எப்போது நிறுத்துவது என்று தெரியும். பதில் இல்லையென்றால் ஒவ்வொரு கல்லையும் கைகளால் புரட்ட வேண்டும்.

அந்தக் கேள்விக்குப் பதில் ஒரு பட்டியலில் இருக்கிறது. எந்த மாடியில், எந்த வீட்டில், யார் இருக்கிறார்; அவரால் படியிறங்க முடியுமா; காது கேட்குமா; ஒட்சிசன் சிலிண்டர் வைத்திருக்கிறாரா. சமூக இடர்த் திட்டத்தின் இதயமே இந்தத் தகவல்தான். லண்டனில் 2017 ஜூன் 14 அதிகாலை 24 மாடி கிரென்ஃபெல் கோபுரம் எரிந்து 72 பேர் இறந்தபோது, அங்கே வாழ்ந்த 37 மாற்றுத்திறனாளிகளில் 15 பேர் இறந்தவர்களில் இருந்தார்கள். யாருக்குத் தூக்கிக்கொண்டு இறங்க ஆள் வேண்டும் என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கவில்லை.

வெள்ளவத்தையில் அப்படியொரு பட்டியலைக் கேட்டு யாராவது கதவைத் தட்டினால் என்ன நடக்கும்? வாசலில் இரும்புக் கம்பிக் கதவு, அதில் பூட்டு. உள்ளிருந்து ஓர் அம்மா, “ஆர் அனுப்பினது? எதுக்குக் கேக்கிறியள்?” என்பார். அந்தக் கேள்வியை அறியாமை என்று ஒதுக்கினால் அந்தத் திட்டம் அங்கேயே தோற்றுவிடும்.

1983 ஜூலையில் காலி வீதியின் இருபுறமும் தமிழர் கடைகளும் ஒழுங்கைகளுக்குள் தமிழர் வீடுகளும் கொளுத்தப்பட்டபோது, வந்த கும்பல்களின் கைகளில் வாக்காளர் பட்டியல் இருந்தது. எந்த வீட்டை எரிப்பது, எதை விடுவது என்று அந்தத் தாள்கள் சொன்னன. யுத்த காலம் முழுவதும் வீட்டில் தங்குவோரின் விபரங்களைப் பொலிஸில் பதிய வேண்டியிருந்தது. 2007 ஜூன் 7 அதிகாலை வெள்ளவத்தை உட்படக் கொழும்பின் விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வெளியேற்றினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதை நிறுத்தியது. இந்த ஊரில் பட்டியல் என்பது பாதுகாப்பாக வந்ததேயில்லை. யார் எங்கே இருக்கிறார் என்று அரசுக்குத் தெரிந்திருப்பதே இங்கு ஓர் இடர். நேர்மையான எந்த இடர்த் திட்டமும் அதையும் தன் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

உலகம் இதை முன்பும் கண்டிருக்கிறது. 1943 மார்ச் 27 இரவு, நாசி ஆக்கிரமிப்பில் இருந்த அம்ஸ்டர்டாமில் எதிர்ப்பியக்கத்தினர் மக்கள் பதிவேட்டுக் கட்டடத்துக்குத் தீவைத்தார்கள். யூதர்களைத் தேடிப்பிடிக்க அங்கிருந்த பதிவு அட்டைகள் பயன்பட்டன. அணைக்க வந்த தீயணைப்பு வீரர்களில் இரகசியமாக ஒத்துழைத்தவர்கள் வேலையைத் தாமதப்படுத்தி, பிறகு தேவைக்கும் அதிகமாகத் தண்ணீரைப் பாய்ச்சினார்கள். தீ விட்டுவைத்த அட்டைகளைத் தண்ணீர் கெடுத்தது.

அப்படியானால் எட்டாம் மாடியில் தனியே இருக்கும் அந்த அம்மாவை எப்படிக் காப்பாற்றுவது? இங்கிலாந்தில் 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஒழுங்குவிதி ஒன்று நமக்கு மிகவும் பொருந்தும் என்று நினைக்கிறேன். குறைந்தது ஏழு மாடி அல்லது 18 மீற்றர் உயரமுள்ள குடியிருப்புக் கட்டடங்களின் வாசலில் பூட்டிய தகவல் பெட்டி ஒன்று இருக்க வேண்டும். உள்ளே கட்டடத்தின் வரைபடங்களும் பொறுப்பானவர்களின் தொடர்பு விபரமும் இருக்கும். திறக்கும் வழி தீயணைப்புச் சேவைக்குத் தெரியும். வருபவர்களுக்கு வேண்டிய தகவல் கட்டடத்திலேயே காத்திருக்கிறது.

அந்தப் பெட்டிக்குள் வெள்ளவத்தைக்கென ஒரு தாளைச் சேர்க்கலாம். அதில் பெயர் தேவையில்லை. அடையாள அட்டை இலக்கமும் சொந்த ஊரும் தேவையில்லை. “8ஆம் மாடி, இடது வீடு, நடக்க இயலாதவர் ஒருவர்” என்ற ஒரு வரி போதும். புகைக்குள் ஏறிப்போகும் வீரருக்குப் பெயரும் ஊரும் உதவாது. எழுதுவதா வேண்டாமா என்பது அந்த வீட்டாரின் விருப்பம். பழசான தாளைக் கிழித்துப் புதியது வைப்பது தொடர்மாடியின் முகாமைத்துவக் குழுவின் பொறுப்பு. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் மின்தூக்கிக் கட்டணம் பற்றிப் பேசும் பொழுதில் பத்து நிமிடத்தை இதற்குக் கொடுத்தால் போதும். இதைவிட அரசுக்குத் தெரிய வேண்டியது எண்ணிக்கை மட்டுமே: இந்த ஒழுங்கையில் தூக்கி இறக்க வேண்டியவர்கள் ஆறு பேர், அடுத்ததில் பதினொரு பேர். ஏணி வண்டியை எங்கே அனுப்புவது, எந்த ஒழுங்கையின் ஒரு பக்கத்தில் வாகனம் நிறுத்தத் தடைபோடுவது என்று தீர்மானிக்க அந்த எண்ணிக்கை போதுமானது.

கம்பிக் கதவுக்கும் இதே மரியாதையோடு வழி தேட வேண்டும். அது கள்வருக்குப் பயந்து மட்டும் போட்டதில்லை. கழற்றச் சொன்னால் எவரும் கழற்றமாட்டார்கள். உள்ளிருந்து திறப்பில்லாமலே திறக்கும் தாழ்ப்பாளும், பால்கனிக் கம்பியில் ஆள் வெளியேறக்கூடிய ஒரு சிறு கதவும் வைக்கச் சொன்னால் செய்வார்கள். பூட்டுத்தான் வேண்டும் என்பவர் திறப்பைக் கதவுக்குப் பக்கத்திலேயே, இருட்டிலும் கைபடும் இடத்தில், தொங்கவிடலாம்.

தீயணைப்புப் படையின் 110க்கு அழைப்பு எடுக்கும் அந்த முதல் நிமிடமும் திட்டத்தில் இடம்பெற வேண்டும். பதற்றத்தில், பாதி அழுகையில், தமிழில் மட்டும் பேசத் தெரிந்த ஒருவர் தன் விலாசத்தைச் சொல்லி முடிக்க எத்தனை விநாடி எடுக்கிறது? அதை அளக்கலாம். பயண நேரத்தை அளக்கும் அதே கவனத்தோடு அளந்தால், எந்த நேர முறையில் தமிழ் தெரிந்த ஒருவர் தொலைபேசியில் இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கலாம். ஒழுங்கையின் பெயரும் கட்டட இலக்கமும் சிங்களத்திலும் தமிழிலும் எழுதிய அட்டையொன்றைத் தொலைபேசிக்கு மேலே சுவரில் ஒட்டிவைக்க யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. இன்றைக்கே ஒட்டலாம்.

விடை கிடைக்காமல் நிற்பவை வேறு: முகாமைத்துவக் குழுவே இல்லாத வாடகை அனெக்ஸ்கள், கீழே கடையும் மேலே அறை அறையாகப் பிரித்து வாடகைக்கு விட்ட மாடியுமாகக் கொட்டாஞ்சேனையில் நிற்கும் பழைய கட்டடங்கள், மாதத்துக்கு மாதம் ஆள் மாறும் விடுதிகள். அங்கே பெட்டியை யார் வைப்பது, தாளை யார் மாற்றுவது? வாடகை வாங்கும் உரிமையாளரிடமே இந்தப் பொறுப்பைச் சட்டத்தால் ஒப்படைக்க வேண்டும் என்பேன். மாநகர சபையின் தீயணைப்புச் சான்றிதழைப் புதுப்பிக்கும்போது பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னால், அங்கே தங்குபவர்கள் எவரும் தங்கள் பெயரைச் சொல்ல வேண்டிய தேவை வராது.